ஐந்தாம் திருவிழாக் காளாஞ்சி

“இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், கோலாலம்பூரில் இருக்கும் என் கணவருக்கு,

நாங்கள் சுகம். உங்கள் தம்பியின் முறைப்பாடு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். என் பக்கத்தையும் கேளுங்கள்.

கோயிலில் எங்கள் வீட்டு உபயமான ஐந்தாம் திருவிழாவுக்குப் பூக்கட்டியது, மோதகம் அவித்தது, எண்ணெய் கொடுத்தது எல்லாம் நான்தான். “அது உங்கடை கடமையெல்லோ, மச்சாள்” என்றார் தம்பி. பூசை முடிந்து, திருவிழாச் செய்த வீட்டுக்குரிய மரியாதையான காளாஞ்சித் தட்டை ஐயர் நீட்டியதும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

“தள்ளுங்கோ மச்சாள். இது ஆம்பிளையளின்ரை உரிமை.”

அடுப்படியில் கடமை, சந்நிதியில் உரிமை. மனுசன் சொல்லைப் பங்குபோட்ட விதத்தைப் பாருங்கள்.

நான் தள்ளி நிற்கவில்லை. என் பருமனைச் சுற்றிவர அவருக்கு வழியும் இல்லை. சிவக்கொழுந்து மாமி வாயில் கைவைத்தார். ஐயர்தான், “ஆராவது கெதியா வாங்குங்கோ, கை நோகுது” என்றார். வாங்கிவிட்டேன்.

அடுத்த வருடமும் நானே வாங்குவேன். தம்பிக்கு அப்படியே எழுதிவிடுங்கள். நீங்கள் வந்தால் பக்கத்தில் நிற்க இடம் விடுவேன். வருவது உங்கள் கடமை என்று மட்டும் எழுதமாட்டேன். அந்தச் சொல்லுக்காக வருகிற ஆள் எனக்கு வேண்டாம்.

இங்ஙனம்,
உங்கள் வீட்டுக்காரி