விளக்கு வைக்கும் நேரத்தில் அணைந்த கேமராக்கள்

இன்று மாலை பட்டுக்கடையில் அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்டேன். குமாரி அக்கா வழக்கம்போல் குடோன் லைட்டை அணைத்துவிட்டு, வாசலில் இருக்கும் சுவாமி படத்துக்கு விளக்கேற்ற வந்தார். உள்ளே கேமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'டிக்', 'டிக்' என்றன. இருட்டியதும் கேமரா இரவுப் பார்வைக்கு மாறும்போது வரும் சின்னச் சத்தம் அது. அக்கா இன்னமும் அதைப் பல்லி என்று நினைத்துச் சுவரை விரலால் தட்டிக்கொள்கிறார். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் சேர்ந்துவிட்டது.

நான் சந்தேகப் பேர்வழி என்பது பாலிடெக்னிக் நாளிலிருந்தே உனக்குத் தெரியும். லேபில் என் மீட்டர் காணாமல் போனால் முதலில் உன் பையைத்தான் பார்ப்பேன். நீயும் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டுவாய். அப்புறம் எந்தத் தைரியத்தில் என்னோடு சேர்ந்து செவிலிமேட்டில் கேமரா கடை போட்டாயோ. ஏணியும் கேபிளும் உன் பொறுப்பு. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பது என் பொறுப்பு.

சில வருஷங்களுக்கு முன் நமக்கு வந்த முதல் பெரிய வேலை இந்தப் பட்டுக்கடைதான். மூன்று மாடி, கார் நிறுத்துமிடம், குடோன் என்று நூற்றுக்கும் மேல் கேமரா. அத்தனை கேபிளும் வந்து சேரும் பெட்டி, அதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச், மாடிக்கு ஒன்று வேண்டும். கேமராவுக்கான கரண்டையும் அந்தப் பெட்டியே அதே கேபிளில் அனுப்பும். நீ ஒரே மாடலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அதைவிட விலை குறைந்த ஒன்றைக் காட்டினேன். அதன் அட்டையில் ஒரு வாசலுக்கு, அதாவது கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும், முப்பது வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நம் கேமராவுக்குப் பத்து போதும். வேறென்ன வேண்டும் என்று கேட்டேன்.

"பந்தியில எலைக்கு ரெண்டு வடைன்னுதாம்மா சொல்லுவான். அண்டாவுல மொத்தம் எத்தினி வட இருக்குதுன்னு கேட்டியா?" என்றாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வாரம் முழுக்க நீ சாயங்காலம் ஆனால் ஒரு கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாய். எங்கே என்றால், "தோ வந்துட்றேன்" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்விட்ச் விற்கும் டீலருடைய ஆளோடு நீ டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மாடலைத் தலையில் கட்டினால் உனக்கு ஏதோ கிடைக்கிறது என்று முடிவு கட்டினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்டரை மட்டும் மாற்றிவிட்டேன்.

பெட்டிகள் வந்து இறங்கியபோது நீ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இதுவா வந்துக்குது?"

"நீ சொன்னது ஸ்டாக் இல்லன்னு சொல்ட்டாங்க" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா என்ன.

"அப்ப மாடிக்கு இன்னொண்ணு சேத்து வாங்கிடும்மா. பாதி பாதியா பிரிச்சிடலாம்."

ஒன்றுக்கு இரண்டாக விற்கப் பார்க்கிறான் என்றுதான் என் புத்தி சொன்னது. முடியாது என்றேன். முகூர்த்த மாதம் வருகிறது என்று முதலாளி அவசரப்படுத்தினார். நீ இருந்ததை வைத்துக் கட்டினாய். குடோன் வேலை கடைசியாக முடிந்ததால் அதன் நான்கு கேமராவும் ஸ்விட்சின் கடைசி வாசல்களில் போய் உட்கார்ந்தன.

பத்து நாள் எல்லாம் நன்றாக ஓடியது போலத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு கல்யாணப் புடவைகளைக் காணவில்லை. முதலாளி பதிவைப் போட்டுப் பார்த்தார். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் குமாரி அக்கா குடோன் வாசலுக்கு வருகிறார், லைட்டை அணைக்கிறார். உடனே குடோன் படம் போய்விடுகிறது. ஒருநாள் தப்பாமல் அப்படியே. வேறு யாரைச் சந்தேகப்படுவார்?

"பதினெட்டு வருசமா இந்தக் கடையில கீறேன் சார். ஒரு நூலு எடுத்துக்கினு போனதில்ல" என்று அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார், மறுநாள் மாலைக்குள் புடவை வராவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தம்மா ஏதோ வயரைப் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் கண்ணுக்கு மனிதர்கள் மட்டும்தான் தப்பு செய்வார்கள்.

மறுநாள் நீ பட்டப்பகலில் ஏணியோடு வந்தாய். பேக்கிங் மேசையிலிருந்து புடவை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டிகளை அள்ளிக்கொண்டாய். குடோனைப் பூட்டி லைட்டை அணைத்து, சாவியை முதலாளி மேசைமேல் வைத்தாய். குமாரி அக்காவை வரவழைத்து அவர் எதிரிலேயே நாற்காலியில் உட்கார வைத்தாய்.

"இங்கியே ஒக்காருக்கா. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

பிறகு வெளியே போய்ச் சணலால் ஒவ்வொரு கேமராவுக்கும் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கட்டினாய். உள்ளே இருட்டாகிவிட, கேமரா ராத்திரி என்று நினைத்துத் தன் விளக்கைப் போட்டுக்கொண்டது. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதின்மூன்றாவது பெட்டியைக் கவிழ்த்தாய். குடோன் படம் ஒன்று பொட்டென்று போனது. இன்னும் இரண்டைக் கவிழ்த்ததும் அடுத்ததும் போனது. பெட்டிகளைக் கழற்றினாய், கொஞ்ச நேரத்தில் படம் திரும்பி வந்தது. குமாரி அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் கேமரா, கார் கேமரா, குடோன் கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் தம் விளக்கைப் போட்டுக்கொண்டு கூடுதல் கரண்ட் கேட்கும். பெட்டியிடம் மொத்தமாக அவ்வளவு இல்லை. பகலில் போதும், இருட்டினால் போதாது. அதனால் கடைசி வாசல்களைக் கைவிட்டுவிடும். அண்டாவில் இருந்த மொத்தம், கையேட்டின் ஏழாம் பக்கத்தில் ஒரு பொடி வரியில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை.

"இந்தப் பொட்டிய எடுத்தது யாருப்பா?" என்று முதலாளி கேட்டார்.

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாந்தான் சார். சரியா பாக்காம வாங்கிட்டேன்" என்றாய்.

அக்காவுக்கு அன்றே வேலை திரும்பக் கிடைத்தது. இரண்டு நாளில் புடவையும் வந்தது. வீட்டுப் பெண்கள் பார்த்து எடுக்க ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டு அனுப்பினார்களே, அதில் தவறுதலாகச் சேர்ந்து போயிருந்தது. உனக்குத்தான் முதலாளியிடம் அத்தனை வசவு. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாய். அப்போதும் நான் நன்றி சொல்லவில்லை. எதற்காகப் பழியை ஏற்றான், பின்னால் என்ன கேட்கப் போகிறான் என்றுதான் யோசித்தேன். நீ எதுவும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி இப்போது நான்கு மாடியில் இன்னொரு கடை கட்டுகிறார். ஸ்விட்ச் தேர்ந்தெடுக்க நான் ஒருத்திதான். இந்த வாரம் அந்த டீலர் ஆள் வந்திருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் என் புத்தி போகவில்லை. கேட்டே விட்டேன்.

"அவரு உங்ககிட்ட எதுனா வாங்கினாராண்ணா?"

"வாங்கினாரும்மா. எங்க குடோன் மாடி ரூம் சாவிய ஒரு வாரம் வாங்கி வெச்சிக்கினாரு. இருட்டு ரூம் வோணும், எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பாக்கணும்னாரு. எதுக்குப்பா இந்தப் பாடுன்னு சிரிச்சா, 'எங்க மேடம் வாய்ல சொன்னா நம்பாது, எழுதிக் காமிச்சாதான் நம்பும்'னுவாரு."

என்னை நம்பவைக்கத்தான் அந்தச் சாயங்காலங்கள். அதைப் பார்த்துத்தான் நான் உன்னை நம்பாமல் போனேன். உன் பழைய பையில் அந்தக் காகிதம் இருந்தது. ஆறு மாடல், ஆறு மொத்தம், உன் கோணல் எழுத்து. நீ அதை எழுதி முடித்த தேதி, நான் ஆர்டரை மாற்றியதற்கு அடுத்த நாள்.

இன்று விளக்கேற்றி முடித்த குமாரி அக்காவிடம், அந்த ஸ்விட்சை வாங்கியது நீ இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அந்தப் புள்ள பண்ண தப்பாலதான் என்னத் திருடின்னாங்கன்னு நெனச்சி, அது சாவுக்குக்கூட நான் போவலம்மா" என்றார்.

என் பையில் இப்போது மடித்த புடவைப் பெட்டிகள் ஒரு கட்டு எப்போதும் இருக்கிறது. வேலை முடித்துக் கையெழுத்து வாங்குமுன் எல்லாக் கேமராவுக்கும் ஒரே நேரத்தில் அவற்றைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். நாளைக் காலை அக்காவை உன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். உன் அம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும்.