மணலில் உட்கார்ந்தவன் மேயரான கதை

நேற்றுக் காலை உன் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பழவேற்காட்டில் படகேறி எங்கள் குப்பத்துக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, மீனவர் சங்கக் கட்டடம் எது என்று விசாரித்து, நேராக என் மேசைக்கு வந்து ஒரு உறையை வைத்தார்கள். உள்ளே உன் புகைப்படம். ஸ்டூடியோ மருந்து வாசனைகூடப் போகாத புதுப் பிரதி. மேயர் அங்கியும் கழுத்தில் கனத்த சங்கிலியுமாக நிற்கிறாய். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அங்கி கறுப்பாகத் தெரிந்தது. அது சிவப்பு என்று எனக்குத் தெரியும்.

"தலைவருக்கு நினைவு மலர் போடறோம் சார். நீங்க அவரு கூடப் படிச்சவராமே. எம்.எல்.ஏ.வா இருந்து மேயர் ஆன வரைக்கும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் மூத்தவர்.

"நான் எழுதினா நீங்க அச்சடிக்க மாட்டீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு சங்கக் கணக்கு நோட்டை மூடி வைத்தேன். செத்துப் பத்து மாதம் ஆன ஆளின் மேல் இவ்வளவு கோபம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர்களுக்கு எழுத முடியாததை உனக்கே எழுதுகிறேன்.

பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. உன் வீட்டுக்கு மூன்று போகம் விளையும் நஞ்சை. என் வீட்டுக்கு இந்த ஏரி. குப்பத்துக்காரன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று வகுப்பில் நாலைந்து பேர் சொன்னபோது, நீ உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஒரு சனிக்கிழமை என்னோடு படகில் வந்து, என் அக்கா சட்டியிலிருந்து அள்ளிப் போட்ட இறாலை விரல் சூப்பிக்கொண்டு தின்றாய். விஷயம் தெரிந்து உன் அப்பா புளியம் விளாரால் அடித்தார். அடுத்த சனிக்கிழமை, முதுகில் தடிப்போடு மறுபடி வந்தாய். "இன்னா தம்பி, அடி வாங்கிகினு வர்ற அளவுக்கா என் சமையல்?" என்று அக்கா கேட்டாள். அன்றிலிருந்து நீ அவளுக்குத் தம்பி. எனக்கு முன்னால் உனக்குச் சோறு போடுவாள்.

நீ தேர்தலில் நின்றபோது எங்கள் பக்கம் கார் வர வழியில்லை. என் அத்தானின் படகில் குப்பம் குப்பமாகப் போனோம். உனக்கு மேடைப்பேச்சு வராது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க" என்று கேட்பாய். நான் எழுதிக்கொள்வேன். எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டு வருகிறது, கடல்நீர் உள்ளே வராவிட்டால் மீன் வராது, அதைத் தோண்டித் திறக்க வேண்டும். சட்டசபையில் உன் முதல் பேச்சு அதைப் பற்றித்தான். "ஏரி வாயைத் தொறக்கச் சொல்லி உறுப்பினர் வாயைத் தொறந்துட்டாருன்னு எதிர்வரிசையில கிண்டல் பண்ணானுங்கடா" என்று நீயே வந்து சொல்லிச் சிரித்தாய். ஆனால் அந்த வருடம் முகத்துவாரம் வெட்டப்பட்டது. அதை நான் மறைக்கவில்லை.

அடுத்த வருடம் நடந்ததையும் மறைக்கவில்லை. மறைக்க முடிந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கிய காலம். யாரோ ஒரு முதலாளி, சரக்குப் படகு நிறுத்த எங்கள் கரையைக் கேட்டிருந்தான். நாங்கள் படகு கட்டும் இடம், வலை காயப்போடும் இடம், கருவாடு போடும் இடம் எல்லாம் சேர்த்து வேலி போடுவதாகத் திட்டம். ஒரு நாள் காலையில் அதிகாரி ஒருவர், அளவுச் சங்கிலியும் எல்லைக்கல்லுமாக ஆட்களோடு வந்து இறங்கினார். என்னைத் தவிர ஆண்கள் எல்லாரும் ஏரிக்குள் இருந்தார்கள். பெண்கள் மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். உனக்குச் சேதி சொல்லப் படகில் அக்கரை போய், பொன்னேரிக்குச் சைக்கிள் மிதித்தவன் நான். நீ வந்தாய். கஞ்சி போட்ட கதர்ச் சட்டையோடு என் அக்காவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாய்.

"சார், நீங்க எழுந்திரிங்க. மேலிடத்து உத்தரவு. எம்.எல்.ஏ.வுக்கு இதுல எந்த அதிகாரமும் கிடையாது" என்றார் அதிகாரி.

நீ சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஆமா சார், ஒரு அதிகாரமும் இல்ல. உக்கார எடம் இருக்குது. உக்காந்துகினு இருக்கேன்."

வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாய். அக்கா முந்தானையை உன் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தாள். அவர்கள் கல்லை மறுபடி படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு எங்கள் குப்பத்துப் பெண்கள் உன்னைப் பார்த்த பார்வையை நீ எப்படி மறந்தாய்? எத்தனை வருடம் ஆகியும் எனக்கு விளங்காதது அதுதான்.

அடுத்த தேர்தலில் தோற்றாய். எங்கள் குப்பங்கள் அத்தனையும் உனக்குத்தான் ஓட்டுப் போட்டன. உன் சொந்த ஊர்தான் கவிழ்த்தது. ஒரு வாரம் வெளியே வரவில்லை. பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போனாய். "தோத்தவன் ஊர்ல உக்காந்துகினு இருந்தா கட்சி மறந்துடும்டா. அங்க ஒரு வார்டு தரேன்னு சொல்லிக்கிறாங்க" என்றாய். கவுன்சிலர் ஆனாய். உன்னைப் பார்க்க வருகிறவர்களின் செருப்பு மாறியது. வெறுங்காலோடு வந்தவர்கள் போய், பளபளக்கும் ஷூக்கள் உன் வாசலில் வரிசையாகக் கிடந்தன.

நீ போன பிறகு முகத்துவாரத்துக்காகக் கேட்க யாரும் இல்லை. மணல் மூடியது. இரண்டு பருவம் வலையில் ஒன்றும் விழவில்லை. அத்தானும் அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, விறகுப் படகொன்றில், ஏரியிலிருந்து பட்டணத்துக்குப் போகும் கால்வாய் வழியாகவே போய்ச் சேர்ந்தார்கள். கால்வாய்க் கரையில் குடிசை போட்டார்கள். எங்கள் ஆட்கள் நாற்பது குடும்பம் அங்கே இருந்தது.

நீ மேயர் ஆன அன்று அக்காவும் நானும் வந்தோம். அந்தச் சிவப்பு அங்கியில் உன்னை அடையாளம் தெரியாமல் அவள் ஒரு நிமிஷம் விழித்தாள். தூக்குப் பாத்திரத்தில் இறால் கொண்டுவந்திருந்தாள். பெரிய மனிதர்கள் நடுவிலிருந்து நீ இறங்கி வந்து, "இவங்க எங்க அக்கா" என்று எல்லாரிடமும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை அவள் கால்வாய்க் கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் நீ.

நாலு மாதத்தில் குடிசைகளைக் காலி செய்ய ஆணை வந்தது. வெளிநாட்டு விருந்தாளி யாரோ அந்தச் சாலை வழியாகப் போகப் போகிறாராம். கரை சுத்தமாக இருக்க வேண்டுமாம். அக்கா கொஞ்சமும் பயப்படவில்லை. "நம்ம தம்பி மேல உக்காந்துகினு இருக்கசொல்ல நம்மள யாரு எழுப்புவான்?" என்றாள். நான் மட்டும் உன் அறைக்கு வந்தேன். மின்விசிறிக்குக் கீழே, ஒரு மாட்டுத்தொழுவம் அகலத்துக்கு மேசை. நான் சொன்னதை எல்லாம் கேட்டாய். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

"என் கையில ஒண்ணும் இல்லடா. மேயருங்கிறது பேருக்குத்தான். உத்தரவு எல்லாம் கமிஷனர் போடறது."

"அன்னிக்கு மணல்ல உக்காந்தப்போ உன் கையில இன்னா இருந்துச்சு?"

"அப்போ வேற. இப்போ இந்த நாற்காலிக்குன்னு ஒரு மரியாதை இருக்குது. நான் போயித் தரையில உக்கார முடியுமா?" என்றாய். பிறகு, "பாக்கறேன், நீ போ" என்றாய்.

பார்க்கிறேன் என்றதை நான் நம்பினேன். அக்காவிடமும் சொன்னேன். அந்த முட்டாள்தனத்துக்காக என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இரண்டு நாள் கழித்து, அடுத்த நாள் லாரி வருகிறது என்று தெரிந்ததும், அக்கா பெண்களைத் திரட்டிக்கொண்டு உன் கட்டடத்துக்கு வந்தாள். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை வாசலில் நின்றார்கள். மேயர் உள்ளே இல்லை என்றான் சேவகன். உன் கார் நிழலில் நின்றுகொண்டிருந்தது. மாடியில் உன் அறையின் ஜன்னல் திரை ஒருமுறை விலகி மூடியதாக அக்கா சொன்னாள். காற்றாக இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். மறுநாள் விடிந்ததும் லாரிகள் வந்தன. சட்டி பானையோடு எல்லாரையும் ஏற்றிப் போய், வடக்கே ஒரு வெட்டவெளியில் இறக்கிவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. குட்டையில் தேங்கியதைத்தான் குடித்தார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வாரம் வாந்திபேதி கண்டது. அக்காவின் சின்ன மகள் ஒரே பகலில் போய்விட்டாள். ஒன்பது வயது. உன்னை மாமா என்று கூப்பிட்ட பிள்ளை.

நீ வரவில்லை. உன் கடிதம் வந்தது. மாநகராட்சி முத்திரை போட்ட தடித்த தாளில் டைப் அடித்த அனுதாபக் கடிதம். பிள்ளையின் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். அதை நீ படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாயா என்று தெரியவில்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னாள். நான் பெயரைச் சரியாகவே படித்தேன்.

அவர்கள் குப்பத்துக்கே திரும்பிவிட்டார்கள். மேயர் பதவி ஒருவருக்கு ஒரு வருடம்தான்; உன் வருடம் முடிந்து வேறொருவர் அங்கி போட்டார். அடுத்த தேர்தலில் கட்சி உனக்குச் சீட்டுத் தரவில்லை. உன் வாசலில் ஷூக்கள் குறைந்தன என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

போன வருடம், ஒரு நடுப்பகலில், பஸ் பிடித்து நீ தனியாக வந்தாய். அக்கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். இங்கே கரையில் என் படகு இருந்தது. நான் அதன் மேல் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். கை அசைத்தாய். வேறு யாரும் படகை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இளைத்திருந்தாய், தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒரு மணி நேரமோ, அதற்கு மேலோ நின்றுவிட்டு, நடந்து போனாய். உன்னை ஜெயித்துவிட்டதாக அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

அக்கா கருவாடு விற்கப் போய்ச் சாயங்காலம் திரும்பினாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் மெச்சுவாள் என்றுதான் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ யாருடா அவனைத் திருப்பி அனுப்ப?"

"அக்கா, அவன் செஞ்சதுக்கு..."

"பொண்ணைப் பறிகுடுத்தவ நானு. கோவம் என்னுது. உன்னை யாரு அதை எடுத்துக்கச் சொன்னது? அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு மூணு வருசமா வச்சிகினு இருந்தேன். கேட்டுட்டு நானே துரத்தி இருப்பேன்."

"இன்னா கேக்கணும்?"

"அன்னிக்கு அந்தத் திரையை வெலக்கினது அவனான்னு."

அடுத்த வாரமே போய் உன்னைக் கூட்டிவருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கோபம் விடவில்லை, ஒரு வாரம் இரண்டு மாதமானது. பிறகு செய்தித்தாளில் உன் படம் வந்தது, மாலையோடு.

அக்கா அழவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு போடுகிறாள், வெளியில் கிளம்பினால் குடை எடுத்துக்கொண்டு போ என்கிறாள், அவ்வளவுதான். உன் மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுடைய கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளை அக்கரையிலிருந்து திருப்பி அனுப்பியவன் நான்.

அறையில் நீ இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்து, பார்த்து, திரையை மூடியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நீ அதைச் சொல்லத்தான் வந்தாயா?