துண்டுக்குள் பேசிய விலை

1955 ஜூன் 4
பஞ்சாயத்துத் தலைவர் திம்மப்பன் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்க்கிறார். ஓசூர் மாட்டுச் சந்தையில் இனித் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசக் கூடாதாம். ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டுமாம். அவருக்கு ஏன் இந்த வேலை?

ஜூன் 9
கூட்டத்தில் நியாயம் பேசினேன். "அவன் மாடு, இவன் காசு. நடுவுல நாம யாருங்க?" கை தட்டினார்கள். "திருட்டு இல்லைன்னா எதுக்குப்பா மறைக்கணும்?" என்றார் தலைவர். அதற்கும் கை தட்டினார்கள். பாவிகள்!

ஜூன் 10
கூட்டாளித் தரகன் மெஹபூப் பாஷா சிரிக்கிறான். "நியாயத்துக்குக் கை தட்டுவாங்க முனிசாமி. லாபத்துக்குத்தான் கை தூக்குவாங்க."

ஜூன் 16
சரி என்று லாபம் பேசினேன். மைசூர்க்கார வியாபாரிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டால் சந்தை வசூலும் போச்சு என்றேன். உறுப்பினர்களில் பாதிப் பேர் என் பக்கம் சாய்ந்தார்கள். மீதிப் பேர் தலைவரோடு. தீர்மானம் மாதக் கடைசியில். சந்தோஷம்தான் — ஆனாலும் கூச்சமாக இருக்கிறது. வசூலைக் காட்டினால்தான் நியாயம் எடுபடுமா?

ஜூன் 21
காலையில் தலைவரே வீட்டுக்கு வந்தார்! தை மாதம் மேளம் வைத்து ஓட்டி வந்தாரே ஒரு காளை, அது ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்கிறதாம். "துண்டு வச்சிருக்கியாப்பா?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

படுக்கிற குணத்தைச் சொல்லியேதான் சானமாவு கிராமத்துக்காரர் ஒருவருக்கு விற்றுக் கொடுத்தேன். விலையும் அதற்கேற்ற விலைதான். "ஊருக்குத் தெரிய வேணாம்பா" என்றார் தலைவர். "உங்க மாடு, உங்க விலைங்க" என்றேன். துண்டை அவரே மடித்து என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 22
"விலையை வெளிய விடு. ஊரே சிரிக்கும், அவர் வாயே திறக்கமாட்டார்" என்கிறான், விற்பனையை மோப்பம் பிடித்துவிட்ட பாஷா. என் மனைவி பூவம்மாளும், "நம்ம சோறு இதுலதாங்க இருக்குது, சொல்லிடுங்க" என்கிறாள். மாட்டேன். ஜெயிப்பதற்காக நானே துண்டை விலக்கினால், அப்புறம் இத்தனை நாள் எதற்குக் கத்தினேன்? ஆனால் தோற்றால் என்ன வேலைக்குப் போவேன்?

ஜூன் 30
தலைவர் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்!

"ஏனுங்க தலைவரே?" என்று ஒருவர் கேட்டார்.

"அது என் சொந்த சமாச்சாரம்பா. உனக்கு எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் பாஷா எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்து, "இப்பவாவது சொல்லேன்யா, எவ்வளவுக்குப் போச்சு?" என்றான். மைசூர்பாகைத் தின்றேன். விலையை இங்கேகூட எழுதப் போவதில்லை.