பத்தடி மிச்சக் கயிறு

என் சரசுவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கே காஜா பெராங்கில் மழை விட்டபாடில்லை. மெர்டேக்கா, நம் சுதந்திரம், வந்து ஒரு வருடம் நிறையப்போவதால் பள்ளியில் மறுபடி கொடிக்கம்பம் நடுகிறார்கள். கயிறு எவ்வளவு வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னைத்தான் கேட்டார். "பதினாலு அடி சார், முடிச்சுக்கு ஒரு அடி கூட," என்றேன். "போன வருஷம் இருபத்து நாலுன்னு சொன்னீங்களே டீச்சர்?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். போன வருஷம் கம்பம் சாயாமலிருக்க அதில் பன்னிரண்டடி உயரத்தில் கயிறு கட்டி, தரையோடு அறுபது பாகை சாய்வில் இழுத்து முளையில் கட்ட வேண்டும். "ஏறக்குறைய பதினாலு அடி போதும் அக்கா," என்றாய். பிள்ளைகள் எதிரிலேயே நான் சிரித்தேன். "முப்பது அறுபது முக்கோணத்துல கர்ணம் ரெண்டு மடங்குன்னுகூடத் தெரியாதா? இருபத்து நாலு!"

இரண்டு மடங்குதான். ஆனால் எதற்கு? சின்னப் பக்கத்துக்கு. கம்பத்தின் அடியிலிருந்து முளை வரை தரையில் கிடக்கும் அந்த ஏழடிக்கு. நான் உயரத்தை இரட்டித்துவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

இழுத்துக் கட்டியதும் ஒவ்வொரு கயிற்றிலும் பத்தடி மிஞ்சியது. நீ என்னை ஒருமுறை பார்த்தாய், அவ்வளவுதான். "முடிச்சுக்காகத்தான் கூடச் சொன்னேன் சார்," என்றேன் தலைமையாசிரியரிடம். முடிச்சைக்கூட யோசித்தவள் நான்தான் என்று அவர் நம்பிவிட்டார். உனக்கு வரவேண்டிய மூன்றாம் படிவக் கணக்கு எனக்கு வந்தது. உன்னைத் தையல் வகுப்புக்கு அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து நீ என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது உண்மையைச் சொல்லத்தான். "வாங்க டீச்சர்," என்றாய். கஞ்சி குடித்தாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இன்னொரு நாள் இருக்கும் என்று நினைத்தேனே, சரசு. என்னை அப்படி நினைக்க வைத்தது எது?

மிஞ்சிய கயிற்றில் ஒரு துண்டு என் வீட்டுப் பின்புறம் துணி காயப்போட இருந்தது. இன்று அவிழ்த்தேன். திங்கட்கிழமை அதை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். தலைமையாசிரியரையும் கூப்பிட்டு, பலகையில் அதே முக்கோணத்தைப் போட்டு, சரசு டீச்சர் சொன்ன பதினாலுதான் சரி, தப்பும் என்னுடையது, பொய்யும் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். வகுப்பைப் பிடுங்கிக்கொண்டாலும் பிடுங்கிக்கொள்ளட்டும். இது உன்மேல் சத்தியம்.

நீ ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்றிருக்கும்
உன் அக்கா,
பாக்கியம்