யாருமில்லை என்று எழுதினேன்

அக்கா,

காலையில் பக்கத்துக் கடையில் யூனிபார்ம் துணிக்கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். புதுத்துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன். இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் உங்கள் தையல் கடையும் என் செல்போன் ரிப்பேர் கடையும் ஒட்டியே இருந்த காலமெல்லாம், பள்ளி திறக்கும் நாட்களில் இதே வாடைதான்.

மார்பில் கட்டி என்று நீங்கள் சொன்ன விதம் இருக்கிறதே! ஊசி தொலைந்துவிட்டது என்பதுபோல் சொன்னீர்கள். புற்றுநோய்தான், சென்னைக்குப் போய் உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். மீன்பிடிக்கப் போன மாமா திரும்பாமல் வெகுகாலம், பிள்ளையும் இல்லை. உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இணையத்தில் பணம் திரட்டும் பக்கத்தைத் திறந்தேன். எழுதியதை மட்டும் காட்டவில்லை. எல்லோரும் எழுதுவதுபோல், இந்தியில், ‘பேசஹாரா’ என்று ஆரம்பித்தேன். நாதியற்றவள். அழவைத்தால்தான் காசு வரும் என்று எனக்கு மகா புத்தி! வரவும் செய்தது, இரண்டே நாளில் பாதிக்குமேல்.

மூன்றாம் நாள், துணி கொடுக்க வந்த வங்காளி அம்மா உங்கள் கையைப் பிடித்து அழுதாள். “தீதி, ஆப்கா கோயி நஹி ஹை?” உங்களுக்கு யாருமே இல்லையா என்று.

நேராக என் கடைக்கு வந்தீர்கள். “ஏலே, எனக்கு யாருமில்லன்னா எழுதிப் போட்ட? அப்ப தெனம் என் சோத்தத் திங்கிற நீ யாரு? அத அழில.”

“அழிச்சா வந்த காசெல்லாம் திரும்பப் போயிரும்க்கா. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க.”

“போவட்டும். அநாதையாப் போயி கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன்.”

உயிர் பெரிதா, வீம்பு பெரிதா என்று கத்தினேன். பயத்தில் கத்தியதுதான், அக்கா. பிறகு அழித்தேன். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘உங்கள் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்தவள். ஆபரேஷனுக்கு உதவி வேண்டும். திரும்பி வந்து தைப்பேன்.’

இந்த முறை பணம் மெதுவாகத்தான் வந்தது. தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிபூரிலிருந்துகூட ஒருவர், மகள் சின்ன வயதில் போட்ட சட்டையை நினைத்து அனுப்பினார். ஆனால் ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது.

சென்னையில் கையெழுத்துப் போடும் தாளில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. பேனாவோடு யோசித்தேன். “தம்பின்னு போடுல. இதுல என்ன யோசன?” என்றீர்கள்.

திரும்பி வந்து ஒரு வருடம் தைத்தீர்கள். பிறகு அது ஈரலுக்குப் போய்விட்டது. அந்த மூன்று வாரம்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், “ஒரு அக்கா. தவறிட்டாங்க” என்கிறேன்.