அட்டையில் விட்ட வரி

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. த.ஆ. எனக்கொரு வேலை வைத்திருந்தார். எந்த வகுப்பில் என்ன படிப்பு என்று பெற்றோருக்குப் புரிகிற மாதிரி அட்டையில் எழுதி வராந்தாவில் மாட்ட வேண்டுமாம். தலைமையாசிரியர் சொன்னால் சொன்னதுதான். எழுதினேன்:
6–8: எல்லோருக்கும் ஒரே ஐந்து பாடம். எல்லோரும் பாஸ்.
9–10: அதே ஐந்து. பத்தில் பொதுத்தேர்வு.
11: குரூப் பிரியும். உயிரியல் அல்லது வணிகவியல்.
12: பொதுத்தேர்வு.
இன்னும் ஒரு வரி பாக்கி. பதினொன்றில் எடுத்த குரூப்தான் பன்னிரண்டுக்கும், மாற்ற முடியாது என்று. இடம் போதாது என்று விட்டுவிட்டேன். இது தெரியாதவர்கள் யார்.
ஸ்கெட்ச் பேனா. பி.பி. மாத்திரை. ரேஷன் கார்டில் அம்மா பெயர் நீக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்
பதினொன்று அட்மிஷன். உயிரியலில் கடைசியாக ஒரே ஓர் இடம். கேட்டவர்கள் இரண்டு பேர், மதிப்பெண்ணும் ஒன்றே. பஜார் பக்கத்து நஸ்ரின், குப்பத்து செல்வி. ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. செல்விக்கு நர்ஸ் ஆக வேண்டும், அதற்கு உயிரியல் வேண்டும்.
த.ஆ. திருதிருவென்று விழித்தார். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று சொன்னதே செல்வியின் அப்பாதான். நஸ்ரின் வீட்டிலும் சரி என்றார்கள். சாக்பீஸ் டப்பாவில் இரண்டு சீட்டு. நஸ்ரின் பெயர் வந்தது.
பொன்னேரிப் பள்ளியில் உயிரியலில் இடம் இருக்கிறது, இந்த வாரமே போய்ச் சேர்த்துவிடுங்கள் என்று செல்வியின் அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.
"அவ்ளோ தூரம் எதுக்கு மேடம்? இந்த வருஷம் அவங்களுக்கு வந்துச்சு. இருக்கட்டும்."
பெண் படிப்பில் அக்கறையே இல்லாத மனிதர் என்று முடிவு கட்டிக்கொண்டேன். எனக்குக் கோபமாவது வந்திருக்க வேண்டும். அம்மா போனதிலிருந்து எதுவும் வருவதில்லை. பஸ் நாலு பத்துக்கு.

ஜூலை 3, வியாழன்
தூறல். ஏரிப்பக்கமிருந்து கருவாட்டு வாடை. ஆறாவதில் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. வணிகவியல் டீச்சர் செல்வியைப் புகழ்கிறார், சமர்த்துப் பெண்ணாம். ரேஷன் கார்டு இன்னும் அப்படியே.

ஜூலை 21, திங்கள்
நஸ்ரினின் உயிரியல் நோட்டைத் திருத்திவிட்டு அடுத்ததைத் திறந்தால் அதே பாடம், செல்வியின் கையெழுத்தில். செல் படம் கூட வரைந்து வண்ணம் தீட்டியிருக்கிறாள். இருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். தினமும் சாயந்திரம் நஸ்ரின் சொல்லிக்கொடுக்கிறாளாம், நான் திருத்தட்டும் என்று அவளே அந்த நோட்டையும் சேர்த்து வைத்தாளாம். செல்வியின் வணிகவியல் நோட்டை நஸ்ரினும் எழுதுகிறாளாம். எதற்கு என்றேன்.
"பன்னெண்டாவதுல எங்க முறை மிஸ். நைனா சொல்லுச்சு," என்றாள் செல்வி. இது கூடவா தெரியாது என்கிற மாதிரி.
ஏரியில் வலை போடும் இடங்களுக்கு இங்கே சீட்டுக் குலுக்குவார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. இந்தத் தடவை ஒருவர், அடுத்த தடவை மற்றவர். பாடு என்பார்கள். பதினைந்து வருடமாக இந்த ஊருக்கு வந்து போகிறேன், எனக்கும் தெரியும். அன்று செல்வியின் அப்பா சிரித்தபோது அது தோன்றவில்லை.
சரி, வகுப்புக்குப் போங்கள் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்
பொன்னேரிப் பள்ளிக்குப் போன் செய்தேன். சேர்க்கை முடிந்து பட்டியலும் போய்விட்டதாம். இங்கேயும் அதே. சீட்டுப் போடச் சொன்னதே செல்வியின் அப்பாதானே என்று த.ஆ. கைகழுவினார். அதுவும் உண்மைதான்.
சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒரு வரி.

ஜூலை 23, புதன்
வெயில். கடைசிப் பீரியட். செல்வியை வராந்தாவுக்கு அழைத்து, அட்டைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னேன். அடுத்த வருடம் மாறாது, பன்னிரண்டிலும் உனக்கு இதே குரூப்தான். நான்தான் எழுதாமல் விட்டுவிட்டேன்.
அழவில்லை. நஸ்ரினுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அந்த வரியைச் சேர்க்கப் பேனாவைத் திறந்தேன். முதல் வார்த்தையிலேயே நிறுத்தினாள்.
"பெருசா எழுதுங்க மிஸ். நைனா எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். நாளைக்கு இட்டாந்து இங்க நிக்க வெக்கிறேன். என்னால சொல்ல முடியாது."
பெரிதாக எழுதினேன். இடம் இருந்தது.