இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடக்கிறாரா? முறிந்த இடுப்பு எலும்பு ஒன்றுசேர நாளாகும், அவரைத் திட்டாதே. போனில் பேசினால் இந்தச் சின்ன வீட்டில் மகள் காதில் விழாமல் எதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் கெட்ட செய்தி. நீ விதைத்துவிட்டுப் போன தக்காளி, கத்தரி நாற்று அத்தனையும் போய்விட்டது. "நல்லா உசரமா வளருது" என்று போனில் பெருமையடித்தேனே, அந்தப் பெருமையும் சேர்ந்து போனது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சை. தவறாமல் தண்ணீர் ஊற்றிய எனக்கே தண்ணி காட்டிவிட்டன.

யார் தப்பு என்று கேள். என்னிடம் நீ, "அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க, நீங்களே ஊத்துங்க" என்றாய். அவளிடம், "அப்பாவை நம்பாதே, மறந்துடுவாரு, நீயே ஊத்து" என்றிருக்கிறாய். காலையில் மீட்டர் கணக்கெடுக்கக் கிளம்பும் முன் நான் ஊற்றினேன். நான் போனதும் அவள் ஊற்றினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பேசிக்கொள்ளவில்லை. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்ற நாள் முதல் அவள் என்னிடம் சொன்னது "சாப்பிட்டாச்சு" ஒன்றுதானே.

நாற்று படுத்த அன்று அவளாகவே வந்து, "அப்பா, நீங்களும் ஊத்துனீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

பிறகு வேலையை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். மண்ணைக் கொட்டிவிட்டுத் தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் கெட்டிக்காரத்தனமாக எடுத்து வைத்த பிஸ்கட் டப்பா மூடிகளில் தண்ணீர் வடிய ஓட்டையே இல்லை என்று காட்டி, ஆணியும் சுத்தியும் கொண்டுவரச் சொன்னாள். இப்போது மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர், அதுவும் அடித்தட்டில்தான். அந்த உயரத்தைப் பற்றிக் கேட்டேன். "அது வளர்த்தி இல்லப்பா, வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்டுபோச்சு" என்றாள். தட்டுகள் இருக்கும் அவள் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தானே. மேசை விளக்கைத் தாழ இறக்கிக் கட்டினோம். புது மண்ணில் மறுபடி விதைத்து முளைத்தவை குட்டையாக, தண்டு பருத்து நிற்கின்றன.

இப்போது வெளிக்காற்றுக்குப் பழக்குகிறாள். தட்டை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் நிழலில் கொஞ்ச நேரம் வைத்து, கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வருகிறாள். வாசல்படி தாண்டாமல் கிடந்தவள். நேற்று எதிர்மாடிக்காரி ஏதோ கேட்க, நின்று பதில் சொல்லியிருக்கிறாள். இனி வெளியிலேயே விட்டுவிடலாமே என்றேன். "சட்டுனு வெயில்ல வெச்சா வாடிடும்ப்பா. பழகட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் கூட்டிவருகிறேன் என்றாய். பேசி முடித்து அனுப்பிவைத்தால் நிம்மதி என்று நீ நினைப்பது எனக்குப் புரியாமலில்லை. கணக்கெடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் "பொண்ணு எப்போ போறா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. முழங்காலைவிட அதுதான் வலிக்கிறது. இருந்தாலும் அவர்களை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடு. அவள் போவதா, இருப்பதா என்பதை அவளே சொல்லட்டும். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் புத்தி சொன்னது போதும்.

நீ போனில் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவள் மாடிக்குப் போகவில்லை. விளக்கடியில் ஒரு தட்டைத் தனியாக நகர்த்தி வைத்தாள். எதற்கு என்றேன். "இது அம்மா கையால நடணும். அம்மா மட்டும் வரட்டும்" என்றாள்.

அண்ணனுக்கு இடுப்பு சீக்கிரம் தேறட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக வா.

உன் வழி பார்த்திருக்கும்
வீட்டுக்காரன்